மாதா கோயிலுக்குள் ஒயின் வியாபாரம்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சார்த்ர் என்ற ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அங்குள்ள மாதா பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஜோடி சேராதவை. தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம். வடக்குக் கோபுரத்தின் உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்துபோனதும், வேறு பாணியில் உயரமாகக் கட்டிவிட்டார்கள். எனக்கென்னவோ வேலைப்பாடு குறைந்த பழசுதான் பிடித்தது.

உள்ளே ஒரே இருட்டு. கண் பழகப் பழக வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் நீலம் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் எனக்குக் கழுத்து வலித்துவிட்டது; சரி, கண்ணுக்கு எட்டுவதைப் பார்ப்போம் என்று ஜன்னல்களின் அடிப்பகுதிக்கு வந்தேன். நல்லவேளை.

பைபிளின் நல்ல சமாரியன் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள். நோவா ஜன்னலில் தச்சர்கள். பேரரசர் சார்லமேனின் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் ஒரு ரோமத்தோல் வியாபாரி, உள்பக்கம் ரோமம் வைத்த அங்கியை வாடிக்கையாளர் முன் விரித்துப் பிடித்திருக்கிறார். துணிக்கடையில் புடவையை உதறிப் போடுவார்களே, அச்சு அசல் அதே தோரணை! இந்த ஜன்னல்களுக்கு இவர்கள்தான் பணம் கொடுத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். குருமார்களே இவர்களை வரையச் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

எப்படியானாலும், வியாபாரம் இந்தக் கோயிலுக்குப் புறம்பானது அல்ல. மாதாவின் நான்கு திருநாள்களிலும் கோயிலைச் சுற்றிச் சந்தை கூடியது. அந்த வளாகம் குருமார்களின் அதிகாரத்தில் இருந்ததால், ஊரை ஆண்ட பிரபுவின் வரி அங்கே செல்லாது. வரிக்குத் தப்ப ஒயின் வியாபாரிகள் கோயிலுக்குள்ளேயே விற்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் அதைத் தடுத்து, நிலவறையில் ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தார்களாம். விரட்டவில்லை, கீழே அனுப்பினார்கள்! அதே நிலவறையில்தான் நோயாளிகளும் குணம் வேண்டித் தங்கினார்கள்.

இவ்வளவு கூட்டமும் வந்தது ஒரு துணிக்காக. மாதா உடுத்தியது என்று நம்பப்பட்ட துணி அது. 1194இல் கோயில் எரிந்தபோது அதுவும் போய்விட்டது என்று ஊரே இடிந்துபோனது. அப்புறம் அது நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே வந்தது. உடனே கட்டத் தொடங்கி, சுமார் முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். கோயிலைப் புனிதப்படுத்தும் அர்ச்சிப்புச் சடங்கு மட்டும் 1260இல். பக்தி இருந்தது, சந்தேகமில்லை. யாத்ரீகர் வராவிட்டால் சந்தையும் இல்லை என்ற பயமும் இருந்திருக்கும்.

தரையிலுள்ள புகழ்பெற்ற வட்டப் புதிர்ப்பாதை மேல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இந்தத் தரை லேசாகச் சரிவானது. இரவு படுத்துறங்கிய யாத்ரீகர்கள் போன பிறகு கழுவிவிட வசதியாக அப்படி அமைத்தார்கள் என்பார்கள். சோதிக்கலாமே என்று தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தேன். உருளவில்லை. காவலர்தான் முறைத்தார்.