பெல்ஃபாஸ்ட் மதுக்கூடத்தில் ஓர் அறை: மூன்றாவது வாரம்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கிரேட் விக்டோரியா தெருவில் உள்ள கிரவுன் லிக்கர் சலூன் என்ற மதுக்கூடத்தை 1:24 அளவில் (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) குட்டி மாதிரியாகச் செய்ய ஆசை. முழுக் கடையும் நமக்கு ஆகாது. அங்கே 'ஸ்னக்' என்று பத்து மரத் தடுப்பறைகள் உண்டு, ஏ முதல் ஜே வரை எழுத்துப் போட்டவை. அதில் 'பி' மட்டும் போதும் என்று இறங்கினேன். நேரில் போனதில்லை, புகைப்படங்களை வைத்துத்தான் எல்லாம்.

முதல் வாரமே சொதப்பல். பால்சா மரத்தில் நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே கூரையும் ஒட்டிவிட்டேன். உள்ளே எல்.இ.டி. வைத்தால் அலமாரிக்குள் டார்ச் அடித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்னக்குக்குக் கூரையே கிடையாது! தடுப்பு தலைக்கு மேல் கொஞ்ச உயரத்தில் நின்றுவிடுகிறது; அதற்கு மேல் கடை முழுவதற்கும் ஒரே அலங்கார விதானம், வாயு விளக்கு வெளிச்சம். உள்ளே குடிப்பவர் முகம் வெளியே தெரியாது, ஆனால் கடையின் சத்தமும் வெளிச்சமும் அவருக்கு உண்டு. விக்டோரியா காலத்து ஆள் கேட்டது அதைத்தான் போலிருக்கிறது. கூரையைப் பிய்த்ததில் ஒரு பக்கப் பலகையும் போனது.

தேவாலய வேலைக்காக அயர்லாந்து வந்த இத்தாலியக் கைவினைஞர்கள் மாலை நேரத்தில் இந்தக் கடைக்கு வேலை செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதவுத் தூண்களின் மேல் கேடயம் பிடித்து உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. நான் களிமண்ணில் பிடித்த சிங்கம் தெருநாய் ஜாடையில் வந்தது. அரக்கு வார்னிஷ் அடித்தபின் பரவாயில்லை.

ஜன்னல் கண்ணாடியில் தேவதைகள், கோமாளிகள், அன்னாசிப் பழங்கள். ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கண்ணாடிப் பெயின்டால் 9 மில்லிமீட்டர் அன்னாசி ஒன்று வரைந்தேன். மகள் பார்த்துவிட்டு, "பலாப்பழமாப்பா?" என்றாள். கருப்பு ஓரக் கோடுகளை முதலில் போட்டுக் காயவிட்டு, ஊசி முனையால் நிறத்தைச் சொட்டவிட்டால் பரவுவதில்லை. நான்காவது தடவையில்தான் இது புரிந்தது.

நேற்று தீக்குச்சி உரசும் உலோகத் தகட்டை வைத்தேன். பழைய பேனா கிளிப்பை நறுக்கியது. அடுத்து அழைப்பு மணி. ஸ்னக்கில் பொத்தானை அழுத்தினால் கவுண்டரில் இருப்பவருக்கு எந்த அறை என்று தெரியவேண்டும். ஒயரைத் தரைக்கு அடியில் இழுத்துவிட்டேன், கவுண்டர்தான் இன்னும் கட்டவில்லை.