ஒரு ஸ்லாஷர் படத்தின் இரண்டாம் பாகம்: முதல் பாகத்துக் காகிதங்களோடு ஒரு மல்லுக்கட்டு

மலைப்பங்களாவுக்கு விடுமுறைக்கு வந்தவர்களை முகமூடி அணிந்த ஒருவன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் ஸ்லாஷர் படமொன்றின் இரண்டாம் பாகத்துக்குத் தயாரிப்பு நிர்வாகியாக வேலை பார்த்து, ஒருவழியாக அதைத் திரையரங்கில் சேர்த்துவிட்டேன். இத்தகைய படத்துக்குச் சென்சாரில்தான் கண்டம் என்று தொடக்கத்திலேயே எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஆனால் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தவற்றில் பெரும்பகுதி, சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியாகிக் கணக்கு முடிந்ததாக நாங்கள் நினைத்திருந்த முதல் பாகத்திலிருந்துதான் வந்தது. சில பாக்கிகள் இன்னும் பைசலாகாததால் படத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை.

முதல் பாகத்தை எடுத்தவர் வேறொரு தயாரிப்பாளர். இயக்குநர் மட்டும் இரண்டுக்கும் ஒருவரே. கதையும் கொலைகாரனும் தன்னுடையவை என்பதால் இரண்டாம் பாகத்தை யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ ஒரு திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரைத்தான் வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் சங்கத்தில் பழைய பெயருக்குப் பின்னால் '2' என்ற எண்ணைச் சேர்த்துப் பதிவு செய்யப் போனபோது, பழைய தயாரிப்பாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் மேலாளர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "சார் வெளியூர்ல இருக்காரு, வந்ததும் பேசுறேன் தம்பி" என்றார். ஒருநாள் அந்தச் சார் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்த சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்டது. அப்போதும் மேலாளர் முகம் மாறாமல் அதே பதிலைச் சொன்னார். கடைசியில் கடிதம் கிடைத்தது. அதில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. அது கூட்டு நிறுவனம் என்பதும், படத்தொழிலை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் நூல் வியாபாரம் பார்க்கும் இன்னொரு பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும் என்பதும் வழக்கறிஞர் பார்த்த பிறகே தெரிந்தது. அவர் கேட்டவுடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, காபியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாம் பாகம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர், பாத்திரங்கள், முகமூடியின் வடிவம், பழைய காட்சித் துண்டுகள், பின்னணி இசை ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் முதல் நான்கும் இருந்தன; இசை இல்லை. கொலைகாரன் வரும்போதெல்லாம் ஒலிக்கும் அந்த நான்கு சுரங்களை ரசிகர்கள் கைபேசியில் அழைப்பொலியாகவே வைத்திருந்தார்கள். அவற்றின் உரிமை பாடல்களோடு சேர்த்து ஓர் ஆடியோ நிறுவனத்துக்கு எப்போதோ விற்கப்பட்டிருந்தது. அவர்கள் கேட்ட தொகையில் இன்னொரு சண்டைக்காட்சியே எடுத்திருக்கலாம். இசையமைப்பாளர் புதிதாக ஒரு மெட்டை அமைத்துத் தந்தார். அது நன்றாகவே இருக்கிறது என்றாலும், முதல் காட்சியில் முகமூடி தெரிந்தவுடன் வந்திருக்க வேண்டிய விசில் பாதியாகத்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

படப்பிடிப்பு நீலகிரியில் பெரிய தொல்லையில்லாமல் முடிந்தது. குளுக்கோஸ் சிரப்பில் சிவப்பு உணவுச் சாயமும் கொஞ்சம் கோகோ பொடியும் கலந்து செய்த ரத்தத்துக்கு இரவெல்லாம் எறும்பு மொய்த்ததால், பிணமாகப் படுத்திருந்தவர்கள் ஷாட்டுக்கு நடுவே நெளிந்தார்கள் என்பதுதான் அங்கே பெரிய புகார். குழந்தை நட்சத்திரம் ஒருவர் நடித்ததால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி, நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வரம்பு, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் போடுவது போன்றவை இருந்தன. அவற்றை உதவி இயக்குநர் ஒருவர் அழகாக முடித்துவிட்டார்.

நாய்தான் காலை வாரியது. விலங்கு வரும் காட்சிக்குப் படப்பிடிப்புக்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். முன்பு சென்னையிலேயே இருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டதால், நேரில் போய் விளக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காகிதம்தான் பேச வேண்டும். நாயைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்ட ஆள் கால்நடை மருத்துவரின் சான்றும் புகைப்படமும் கொடுத்தார், அனுமதியும் வந்தது. படப்பிடிப்பு அன்று மாலை வேனிலிருந்து இறங்கிய நாய் கறுப்பு. சான்றில் இருந்ததோ செம்பழுப்பு. "அது காய்ச்சல்ல கெடக்கு சார், இதுவும் நல்லா நடிக்கும்" என்றார் அவர். சான்றில் இல்லாத நாயை வைத்து எடுத்திருந்தால், பின்னால் வாரியத்தின் தடையில்லாச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் சென்சாருக்குப் போக முடியாது. நாயை வேனிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இருட்டுக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம் கேட்டு நடுவில் நின்றுபோவதாகக் காட்சியை மாற்றினோம். படத்தில் பலரும் பாராட்டிய இடம் அதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சென்சாருக்கு விண்ணப்பிப்பதெல்லாம் இப்போது இணையவழியில்தான். இருந்தாலும் ஷாட் வாரியாகச் சென்சார் ஸ்கிரிப்ட் எழுதித் தரும் அனுபவசாலி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களுக்கு எழுதிக் கொடுத்த பெரியவர், படத்தின் தொடக்கத்தில் முதல் பாகத்தை நினைவூட்டும் சிறு தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று நிறுத்தச் சொல்லி, "தம்பி, பழைய படத்தோட சர்டிபிகேட் பின்பக்கத்தை எடுத்துட்டு வாங்க" என்றார். சான்றிதழின் அந்தப் பகுதியில்தான் எந்தெந்தக் காட்சி எவ்வளவு வெட்டப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். முதல் பாகத்தில் வெட்டப்பட்ட கழுத்தறுப்புக் காட்சி முழுசாக எங்கள் தொகுப்பில் உட்கார்ந்திருந்தது. பழைய எடிட்டிங் கூடத்தில் கொடுத்த ஹார்டு டிஸ்க்கில் இறுதிப் பிரதி என்று எழுதி ஒட்டியிருந்தாலும், உள்ளே இருந்தது சென்சாருக்கு முந்தைய பிரதி. சட்டப்படி புதிய படம் புதிதாகத்தான் ஆராயப்படும் என்றாலும், ஒருமுறை வெட்டிய காட்சியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவது வம்பை விலைக்கு வாங்குவது. சரியான பிரதியைத் தேடி எடுத்து, தொகுப்பை மாற்றி, நிறம் திருத்தி, ஒலி சேர்த்து முடிப்பதற்குள் நாங்கள் குறித்து வைத்திருந்த வெளியீட்டுத் தேதியை வேறொரு பெரிய படம் எடுத்துக்கொண்டது.

ஆய்வுக் குழுவின் திரையிடலைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. 1991-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளிலேயே, பொழுதுபோக்குக்காக மட்டும் காட்டப்படும் வன்முறையும் தவிர்க்கக்கூடிய கொடூரமும் கூடாது என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் எங்கள் வகைப் படங்களில் பெயர் போடும் பகுதிதான் மிஞ்சும். படம் முடிந்து எங்களை உள்ளே அழைத்தபோது இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன: சில வெட்டுகளோடு 'ஏ' சான்று, அல்லது கொலைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சுருக்கினால் 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கொண்டுவந்த, பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கும் 'யூஏ 16+'. முதலீட்டாளர் இரண்டாவதைத்தான் விரும்பினார், ஏனென்றால் 'ஏ' சான்று பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. இயக்குநரும் நானும் முதலாவதற்காக மன்றாடி வென்றோம். மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால் அதற்கும் மேலே போவதென்றால் உயர் நீதிமன்றம்தான், வட்டி ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

வெட்டுகளைவிட வெட்டிய பிறகு வரும் வேலைதான் செலவு. கத்தி இறங்கும் இடத்தில் ஒன்றரை வினாடியை எடுத்தால், அதற்கேற்ப அமைத்திருந்த தாளம் தடுக்கி விழும், ஒலிகளைக் கலந்து முடித்த மிக்சிங்கை மறுபடியும் திறக்க வேண்டும். எங்கள் ஒலிக்கலவையாளர் வசனம், இசை, சிறப்பொலி ஒவ்வொன்றையும் தனித்தனித் தடமாகப் பாதுகாத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஒவ்வொரு கொலைக்கும் முகபாவத்தையோ சுவரில் விழும் நிழலையோ ஒரு மாற்று ஷாட்டாக எடுத்து வைத்திருந்ததும் கைகொடுத்தது. வெட்டிய இடத்தில் அதைச் செருகினால் நீளமும் மாறாது, இசையும் கெடாது.

வெளியீட்டுக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, முதல் பாகத்துக்குப் பணம் கொடுத்த பைனான்சியர் ஒருவர் முளைத்தார். பழைய தயாரிப்பாளர் அவருக்குத் தர வேண்டிய பாக்கி நிற்கிறதாம். அந்தப் பெயரில் எந்தப் படம் வந்தாலும் தன் பணம் வந்த பிறகுதான் வெளிவர வேண்டும் என்று, திரையரங்குகளுக்கான பிரதியைக் கையாளும் லேபுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். லேபின் ஒப்புதல் இல்லாமல் திரையரங்குகளுக்கு டிஜிட்டல் சாவி போகாது, சாவி இல்லாமல் சர்வரில் ஏற்றியிருக்கும் படம் ஓடாது. எங்களுக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை என்று வழக்கறிஞர் சொன்னது சரிதான். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் திறக்க வேண்டும், எங்களுக்கோ விடிந்தால் காலைக்காட்சி. விடிய விடியப் பேசியும் தீரவில்லை. காலைக்காட்சியும் பகல்காட்சியும் ரத்தாயின. முன்பதிவு செய்தவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. எங்கள் முதலீட்டாளர் ஒரு பகுதியைக் கட்டி, மீதியைக் கோவை வினியோகப் பங்கிலிருந்து தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் மாலைக்காட்சிக்குச் சாவி போனது. ஒப்பந்தம் போடும்போதே முதல் பாகத்தின் மீது கடன் பாக்கி ஏதுமில்லை என்ற லேப் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பழைய தயாரிப்பாளர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

இப்போது தொலைக்காட்சிக்கான தனிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் வேலை நடக்கிறது. அந்த மாற்று ஷாட்டுகள் எல்லாவற்றையும் கோத்து எடிட்டர் ஒரு பதிப்பைத் தயார் செய்துவிட்டார். தனித்தனித் தடங்கள் இருப்பதால் மிக்சிங் கூடத்துக்கு இந்த முறை பெரிதாக அழ வேண்டியிருக்கவில்லை.