முப்படை விமானிகளுக்கு ஒரு சங்கம்: பதிவுக்கு முன் தீர்க்க வேண்டியவை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் கூடாது. இதெல்லாம் ஒரு மாலையில் எழுதி முடிக்கிற வேலை. தலைவலி எட்டாவது ஆள் விண்ணப்பிக்கும்போதுதான்: அவர் ‘விமானி’தானா?

துணைவிதியில் ‘விமானி’ என்று மட்டும் எழுதினால் முதல் பொதுக்குழுவிலேயே தகராறு வரும். வானில் வேலை பார்த்தவர்கள் பைலட்டுகள் மட்டுமில்லை. நேவிகேட்டர், ஃப்ளைட் இன்ஜினியர், ஃப்ளைட் கன்னர், கடற்படையில் அப்சர்வர் என்று பட்டியல் நீளும். ‘தரைப்படை வான்பிரிவில் பணியாற்றியவர்’ என்று எழுதினாலும் ஓட்டை விழும். அந்தப் பிரிவு தனிப் படைப்பிரிவானது 1986 நவம்பர் 1-இல்தான். அதற்கு முன் பீரங்கிப் படையின் ஏர் ஓ.பி.யில் (வானிலிருந்து இலக்கைக் கண்காணிக்கும் பிரிவு) பறந்த மூத்தவர்கள் வெளியே நிற்பார்கள். கடலோரக் காவல் படைக்கு 1978-இன் தனிச் சட்டம் இருக்கிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பறந்த மணிக்கணக்கைத் தகுதியாக வைக்கவே வேண்டாம். போர் விமானத்தில் ஒரு சார்ட்டி (ஒருமுறை கிளம்பிப் பறந்து திரும்புவது) பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். போக்குவரத்து விமானக்காரர் ஒரே நாளில் அதைப்போல ஏழெட்டு மடங்கு சேர்த்துவிடுவார். ‘விங்ஸ் (விமானிக்கான சிறகுச் சின்னம்) அல்லது ஏர்க்ரூ பேட்ஜ் (மற்ற வான்பணியாளருக்கான சின்னம்) பெற்று, பணியில் பறந்தவர்’ என்ற ஒற்றை வரி போதும்.

பணியில் இருப்பவர்களைச் சேர்க்க ஆசை வரும். அரசமைப்பின் 33-ஆவது பிரிவு, விமானப்படைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு போன்றவற்றின் கீழ் அவர்களின் சங்கம் சேரும் உரிமைக்குக் கட்டுப்பாடு உண்டு. ‘வாக்குரிமை இல்லாத உறுப்பினர்’ என்று பெயர் மாற்றினாலும் கட்டுப்பாடு தளராது. மாட்டிக்கொள்வது சங்கமல்ல, அந்த அதிகாரிதான். ஆகவே ஓய்வு பெற்றவர்கள் மட்டும்.

பெயரில் அரசின் ஆதரவு இருப்பதுபோன்ற தோற்றம் வந்தால் 1950-இன் சின்னங்கள், பெயர்கள் சட்டம் குறுக்கே நிற்கும். படைச் சின்னத்தை லெட்டர்ஹெட்டில் போடுவதும் வம்பு. மாவட்டப் பதிவாளரிடம் மூன்று மாற்றுப் பெயர்களோடு போங்கள்.

நோக்கங்களில் உறுப்பினர் நலன் மட்டுமே இருந்தால் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சான்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லாக்புக்கில் (பறந்ததைப் பதிந்துவைக்கும் ஏடு) மாதக் கடைசியில் பறந்த நேரத்தின் கூட்டுத்தொகையும் அதன் கீழே மேலதிகாரியின் கையெழுத்தும் இருந்தால் போதும். ஆனால் நகலெடுத்துக் கோப்பில் போடாதீர்கள்; எந்த விமானம், எந்தத் தேதி, என்ன பணி என்று வெளியே போகக் கூடாத விவரமெல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். குழுவில் இரண்டு பேர் மூலத்தைப் பார்த்து, ‘கண்டோம்’ என்று உறுப்பினர் பதிவேட்டில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, லாக்புக்கை அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.