லோன் மிஸ் புத்தகம் போடுறா

2024 ஓகஸ்ட் 2, வெள்ளி

நுண்கடன் கொம்பனி வேலை இன்றோடு சரி. ரசீதுப் புத்தகம், அடையாள அட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மனேஜர், "யோசிச்சுத்தானே போறீங்கள்?" என்று கேட்டார். மன்னாருக்கு இடமாற்றக் கடிதத்தை நீட்டியபோது அவர்கள்தான் யோசித்திருக்க வேணும். எட்டாம் ஆண்டு, நாலாம் ஆண்டு என்று படிக்கிற இரண்டு பிள்ளைகளையும், முழங்கால் ஏலாத அம்மாவையும் விட்டிட்டு நான் மன்னாரில் எங்கே போய் அறை எடுக்கிறது?

பிள்ளைகளின் தகப்பன் பிரான்சில். வேறு குடும்பம். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஊழியர் சேமலாப நிதியைக் கையில் எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயது வரவேணும், எனக்கு 38. பத்து வருசச் சேவைக்குப் பிறகு 30 வீதம் எடுக்கலாம், அதுவும் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மட்டும். கலியாணம் கட்டுகிறேன் என்று வேலையை விட்டால் பெண்களுக்குக் காசு தருவார்களாம். தொழில் தொடங்க எண்டால் தரமாட்டார்கள். சட்டம் எழுதின ஐயாமார் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

கையில் வரப்போவது பணிக்கொடை மட்டும்தான். வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். 2013 இலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காசுக்கு நான் ஏற்கெனவே ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஒப்பந்தம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பத்தொன்பது பக்கம். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டத்தரணி அக்கா ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னா, நான் கொப்பியில் எழுதினேன்.

விசயம் இதுதான். கொழும்பில் இருக்கிற ஒரு கொம்பனி, ஊருக்கு ஊர் ஒரு இலவச மாதச் சஞ்சிகை போடுகிறது. இங்கிலாந்தில் இது பழைய தொழில். லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகள் போன வருசம் சொக்லேட் பெட்டிக்குள் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தாள். கைக்கடக்கமான புத்தகம், குழாய் திருத்துபவர், பூந்தோட்டக்காரர், நாய்க்கு முடி வெட்டுபவர் எல்லாருடைய விளம்பரமும் இருந்தது. வீட்டுக்கு வீடு கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போவார்களாம். வாசிக்கிறவர் காசு கட்டத் தேவையில்லை, விளம்பரக்காரர்தான் கட்டுகிறார்.

உரிமத்துக்கு ஒருமுறை 300,000 ரூபா. மாதம் 25,000. பெயர், அட்டை வடிவம், சமையல், ராசிபலன், குறுக்கெழுத்து எல்லாம் அவர்கள் தருவார்கள். உள்ளூர்ப் பக்கங்களும் விளம்பரமும் என் பொறுப்பு. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவும் எனக்கு. அந்த இரண்டு பிரிவிலும் வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. நான் விட்டுப்போனால் இரண்டு வருசத்துக்கு அதே மாதிரிப் புத்தகம் போடக் கூடாது. அக்கா இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி, "கவனம் பிள்ளை" என்றா.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. "சும்மா குடுக்கிற புத்தகத்தில என்னண்டு காசு வரும்?"

2024 ஓகஸ்ட் 29, வியாழன்

வணிகப் பெயர்ப் பதிவு. கிராம சேவையாளரின் கடிதம், பிரதேச செயலகம், படிவம், திரும்பவும் கிராம சேவையாளர். படிவத்தில் தொழிலின் தன்மை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அங்கே இருந்த தங்கச்சிக்கும் தெரியவில்லை. "பிரசுரமும் விளம்பரமும்" என்று போட்டோம். பெறுமதி சேர் வரிக்கு நான் பதியத் தேவையில்லை, வருசம் ஆறு கோடிக்கு மேல் வியாபாரம் செய்தால்தான். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது ஆறு கோடி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தா.

2024 செப்டெம்பர் 10, செவ்வாய்

விளம்பரம் பிடிக்கப் போனேன். டிப்போ சந்தியில் தொடங்கிக் கரடிப்போக்கு வரை ஒரு பக்கம், திரும்பி வரும்போது மற்றப் பக்கம்.

எனக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்தில் கண்ட இடமெல்லாம் நான் லோன் மிஸ். உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலில் நாய்க்குக்கூட என் ஸ்கூட்டிச் சத்தம் தெரியும். கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு மாமரத்தடியில் பெண்களெல்லாம் கூடுவார்கள், கட்டுக்காசு வாங்குவேன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேணும், இல்லையென்றால் எல்லாரும் காத்திருக்க வேணும், நானும் காத்திருக்க வேணும். வரட்சிக் காலத்தில் அடகுவைத்த தோட்டின் தழும்பைத் தடவிக்கொண்டு இருந்த முகங்கள் இருக்கின்றன. 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது, வாழைப்பழம் தந்து அனுப்பின கூட்டமும் அதுதான்.

இப்போது ஹாட்வெயார் முதலாளி என்னைக் கண்டதும், "தங்கச்சி, எங்கட வீட்டில ஒருத்தரும் லோன் எடுக்கேல்லையே" என்றார். புத்தக மாதிரியை விரித்துக் காட்டினேன். கால் பக்கம் 7,000, அரைப் பக்கம் 12,500. "பேஸ்புக்கில சும்மா போடலாமே?" என்றார். அவருடைய கடைக்கு வருகிற ஆக்கள் யார் என்று கேட்டேன். தருமபுரம், இராமநாதபுரம், வட்டக்கச்சிப் பக்கத்தில் வீடு கட்டுகிற ஆக்கள், மேசன்மார். அவர்களின் வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பேஸ்புக்குக்குத் தெரியாது. இதைச் சொன்னதும் மனிதன் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். கால் பக்கம், மூன்று மாதத்துக்கு.

புடவைக்கடை அரைப் பக்கம். ரியூட்டரி ஒன்று அரைப் பக்கம். பல் வைத்தியர் யோசிக்கிறார்.

ஒரு கடையில் மட்டும், "அவர் வரேல்லையோ? ஆம்பிளையோட கதைச்சால்தான் விலை சரிவரும்" என்றார்கள். அந்தக் கடையைக் கொப்பியில் வெட்டிவிட்டேன்.

2024 செப்டெம்பர் 22, ஞாயிறு

நேற்று ஜனாதிபதித் தேர்தல். இரவு பத்துக்கு ஊரடங்கு போட்டு, காலையில் எடுப்பார்கள் என்று பார்த்தால் மத்தியானம் வரை நீட்டிவிட்டார்கள். அம்மா வானொலியை விட்டு அசையவில்லை. ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராததால் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணுகிறார்களாம், நாட்டில் இதுதான் முதல்தரம். எனக்கு அது வசதி. ஒருவரும் கூப்பிடாத ஒரு நாள் கிடைத்தது, பக்கம் போட்டேன்.

பக்கம் போடுவது விளம்பரம் பிடிப்பதைவிடக் கொடுமை. இங்கே உள்ள ஸ்ரூடியோக்காரர் பாதிப்பேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கல்யாண அழைப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றினால் அடுத்த வில்லங்கம். பக்கம் போடுகிற இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடிக்கு மாற்றாவிட்டால் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். "கொத்து ரொட்டி" என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். அதைத் திருத்தி முடிக்கப் புடவைக்கடைப் படம். திரையில் குங்குமச் சிவப்பு, அச்சு நிறத்துக்கு மாற்றினால் செங்கல். முதலாளி அம்மா இதைக் கண்டால் காசு தரமாட்டா.

மூத்தவன் பக்கத்தில் இருந்து பக்கங்களை எண்ணினான். இருபத்திரண்டு. நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்கு நாலால் பிரிபட வேணும். "இரண்டு பக்கம் நான் எழுதட்டோ?" என்றான். இரணைமடுவில் மீன் பிடிக்கிற விதம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்தான். நன்றாகத்தான் இருக்கிறது. மிச்ச அரைப் பக்கத்துக்குப் பஸ் நேரம், ஆஸ்பத்திரி கிளினிக் நாட்கள் என்று நானே போட்டேன்.

2024 ஒக்டோபர் 9, புதன்

புத்தகம் வந்து இறங்கியது. கொழும்புப் பஸ்ஸில், விடிய நாலரைக்கு, கந்தசுவாமி கோயிலடியில். மூவாயிரம் பிரதி. பெட்டியை உடைத்தவுடன் வந்த மை வாசத்தைச் சின்னவள் மூக்கை வைத்து இழுத்துக்கொண்டே நின்றாள்.

இந்த ஊரில் கதவுத் துவாரம் கிடையாது. படலை உண்டு, படலைக்குள் நாய் உண்டு, ஒழுங்கையில் மாடு உண்டு. மாடு கடதாசி தின்னும். ஒப்பந்தத்தில் இது ஒன்றும் இல்லை. பழைய கடன் குழுத் தலைவிமாரைக் கூப்பிட்டேன். பிரதிக்கு 5 ரூபா, கையில் கொடுக்க வேணும், படலையில் செருகக் கூடாது. "மிஸ், நாங்கள் உங்களுக்குத் தந்தது போய் இப்ப நீங்கள் எங்களுக்குத் தாறீங்கள்" என்று கனகபுரத்து அக்கா ஒருவ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் உறைப்பும் இருந்தது, இருக்கத்தானே வேணும்.

சாயங்காலம் முதல் முறைப்பாடு. ராசிபலன் பக்கத்தில் விரத நாள் பிழையாம். கொழும்புக்காரர் திருக்கணித பஞ்சாங்கப்படி போட்டிருக்கிறார்கள், முறைப்பட்ட ஐயா வாக்கிய பஞ்சாங்கக்காரர். அடுத்த மாதம் இரண்டையும் போட வேணும்.

2024 ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தேன், புடவைக்கடை விளம்பரக் காசில் கழித்துக்கொண்டு. முதலாளி அம்மா சிவப்பைப் பற்றி இன்னும் கதைக்கிறா.

2024 நவம்பர் 8, வெள்ளி

தலைமை அலுவலகத்தோடு சண்டை. நவம்பர் அட்டைக்கு அவர்கள் அனுப்பியது மின்விளக்கு, பலூன், "கொண்டாட்டம் தொடங்கட்டும்!" என்ற தலைப்பு. வன்னியில் நவம்பரில். நவம்பர் 27, போரில் செத்த போராளிகளை நினைக்கிற மாவீரர் நாள், இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் வெறும் திகதி இல்லை, அந்தக் கிழமையில் கடைக்காரர்கூடப் பாட்டைக் குறைத்துத்தான் போடுவார்கள் என்று தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். மறுமுனையில் இருந்த தம்பிக்கு விளங்கியது, அவருக்கு மேலே இருப்பவருக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. ஸ்ரூடியோப் பெடியன், "கார்த்திகைப்பூ போடுவமோ அக்கா?" என்றான். அதைப் பூவாகப் பார்க்கவும் ஆள் உண்டு, புலிகளின் சின்னமாகப் பார்க்கவும் ஆள் உண்டு. மூவாயிரம் வீட்டுக்குப் போகிற புத்தகம். கடைசியில் பச்சை வயல் போட்டோம். காலபோக நெல் முழங்கால் உயரம் நிற்கிற படம்.

அடுத்தது நினைவஞ்சலி. கனடாவிலிருந்து ஒருவர், இலண்டனிலிருந்து ஒருவர், பிறகு சுவிஸ். அம்மாவின் ஓராண்டு, அப்பாவின் முப்பத்தோராம் நாள், படத்தோடு முழுப் பக்கம் போடலாமோ என்று வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். விலை கேட்டவுடன் காசு வங்கியில் விழுகிறது. இங்கே உள்ள கடைக்காரர் நாலாயிரத்துக்கு நாலுதரம் நடக்க வைக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தின்படி மரண அறிவித்தல் கூடாது, "மகிழ்ச்சியான குடும்பச் சஞ்சிகை"யாம். சட்டத்தரணி அக்காவின் வீட்டில் இரவு திரும்பவும் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டினோம். செருகுதாள் போடலாம், வருமானத்தில் ஐந்தில் ஒன்று அவர்களுக்கு என்று ஒரு வரி இருக்கிறது. செருகுதாளில் என்ன போடக் கூடாது என்று ஒரு இடத்திலும் இல்லை. நாலு பக்கம், கறுப்பு வெள்ளை, இங்கேயே அச்சடித்தாச்சு. என் கணிப்பில் இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றப் போவது அந்த நாலு பக்கம்தான்.

2024 நவம்பர் 28, வியாழன்

மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சையை நேற்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தாழ்வான வீடுகளிலிருந்து சனம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. நல்லகாலம், இந்த மாதப் புத்தகம் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. டிசெம்பர்ப் பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. விளம்பரம் கேட்டு எந்த முகத்தோடு கடைக்குள் போவது? ஹாட்வெயார் அண்ணை தானே அழைத்து, "தகரம், தார்ப்பாய் வந்திருக்கு எண்டு போடும்" என்றார். விலையையும் போடச் சொன்னேன். விலை போட்டால்தான் விளம்பரம், இல்லாவிட்டால் வெள்ளத்தில் நிற்கிறவனுக்குக் கடைப் பெயரைக் காட்டி என்ன பிரயோசனம்? கொஞ்சம் இழுத்துவிட்டுச் சம்மதித்தார்.

2024 டிசெம்பர் 6, வெள்ளி

கணக்குப் பார்த்தேன். அச்சுக்கூலி 165,000, உரிமக்காசு, விநியோகம், பெற்றோல் எல்லாம் கழித்து நவம்பரில் கையில் 21,400. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. வரவேண்டிய காசு வெளியில் 58,000 நிற்கிறது. அதை வாங்கத் தெரியும் எனக்கு. பதினொரு வருசம் அதைத்தானே செய்தேன்! ரியூட்டரிக்காரர் அடுத்த மாதத் திகதி போட்ட காசோலையை நீட்டினார். வாங்கவில்லை, வாங்கில் இருந்தேன். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் காசு கட்டுகிற நேரம் வரை இருந்தேன். தந்தார்.

வெளிக்கிடும்போது வட்டக்கச்சி அக்கா ஒருவ மறித்தா. முந்தி என் குழுவில் இருந்தவ. இப்போது இடியப்பமும் சொதியும் ஓடருக்குச் செய்கிறா, மழைக்குப் பிறகு அடுப்படியைத் திருத்தித் திரும்பத் தொடங்கியிருக்கிறா. புத்தகத்தில் போட வேணுமாம், அரைக்கால் பக்கம், 4,000 ரூபா.

"கிழமைக்கு ஆயிரமாக் கட்டலாமோ மிஸ்?"

கட்டலாம் என்றேன்.

"வட்டி?"

இல்லை என்றேன். நம்பவில்லை, கொப்பியை வாங்கித் தானே எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தா. பிறகு, தன்ரை படமும் இடியப்பத் தட்டும் இரண்டும் பெரிசாக வரவேணும் என்றா. அரைக்கால் பக்கத்தில் ஒன்றுதான் பெரிசாக வரும், இரண்டும் வேணும் எண்டால் கால் பக்கம் எடுக்க வேணும் என்றேன். மகளோடு கதைத்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்லுறாவாம்.