அண்ணன் நெஞ்சில் கல் தூசி

2025 ஜூன் 3, செவ்வாய்

அண்ணனுக்கு இன்றைக்கும் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. கடலூர் முதுநகரில் வருஷக்கணக்காக கிரானைட் அறுக்கிற வேலை. போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தும் ஆறு மாத மாத்திரை. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தார், இருமல் மட்டும் போகவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூன் 5, வியாழன்

முதல் பஸ் பிடித்து புதுச்சேரி கோரிமேடு, ஜிப்மர் ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் கேட்டதே வேலையைப் பற்றித்தான். தண்ணீர் விட்டு அறுப்பீர்களா, காய்ந்த கல்லையா? மூக்கில் என்ன கட்டுவீர்கள்? “துண்டுதான் சார்” என்றார் அண்ணன்.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கமாகப் பொடிப்பொடியாக முடிச்சுகள். சிலிக்கோசிஸ். கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாக்குகிற நோயாம். “மாத்திரையில சரியாயிடுமா சார்?” என்று அண்ணி கேட்டதற்கு டாக்டர் பூசி மெழுகவில்லை. விழுந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது, இனிமேல் தூசிப் பக்கமே போகக்கூடாது என்றார். இந்த நோய் உள்ளவர்களைக் காசநோய் சுலபமாகப் பிடிக்குமாம், அதனால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், இது 5 மைக்ரானுக்கும் கீழே. நேராகக் காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே இருக்கிற காவல் செல்கள் அதை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. உள்ளே இருந்த பொடி வெளியே வர, அடுத்த செல் வந்து விழுங்குகிறது. இப்படியே அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு இது நிற்பதில்லை.

அப்படியானால் துண்டு எதைத் தடுத்திருக்கும்?

ஜூன் 15, ஞாயிறு

அண்ணனின் பாக்கிக் கூலியை வாங்கப் பட்டறைக்குப் போனேன். ஒரு பையன் கிச்சன் மேடைக் கல்லில் சிங்க்குக்கு ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தான். இருபது வயசுகூட இருக்காது. புருவம், இமை எல்லாம் வெள்ளை. தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே சுருண்டு கிடக்கிறது. ஏன் தம்பி விடவில்லை என்றேன். “சேறாயிடும்க்கா, கோடு தெரியாது.” பிளேடு மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசியில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். அதோடு நல்ல என்95 மாஸ்க். அவ்வளவுதான் செலவு.

சுவரோரம் செயற்கை குவார்ட்ஸ் பலகைகள், கல் பொடியைப் பிசின் விட்டு இறுக்கியவை, அடுக்கியிருந்தன. அதில் சிலிக்கா 90 சதவீதத்தைக்கூடத் தாண்டும், கிரானைட்டைவிட மோசம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடை. இங்கே சமையலறைக்கு அதுதான் இப்போது அழகு என்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே சிலிக்கோசிஸ் இருக்கிறது. ஆனால் அண்ணன் அங்கே வேலை பார்த்ததற்குச் சீட்டு எது? எல்லாம் கைக்கூலி. அண்ணிதான் பரணிலிருந்து அட்வான்ஸ் கணக்கு நோட்டுகளை இறக்கினார். பக்கத்துக்குப் பக்கம் முதலாளியின் கையெழுத்து. ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகம் போகிறோம். அந்தப் பையனையும் எக்ஸ்ரே எடுக்க அழைத்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார்.