‘முதல் தண்ணி’யைப் பிடிக்க வைத்த பாடு

எங்கள் வரிசை வீடுகளுக்குப் புதுக் குழாய் போட்டாகிவிட்டது. தோண்டிய பள்ளத்தை இன்னும் ஒழுங்காக மூடவில்லை, அது தனிக் கதை. குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்பதை நகராட்சியை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன், மழைக்காலத்தில் யாருக்காவது பயன்படும்.

முதலில் என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு மாமாவுக்கு, அதன் பிறகு கடைசி வீட்டுக் கல்லூரிப் பையனுக்கு. மூன்று பேருமே தேறிவிட்டார்கள். கீழாநெல்லியா ஆஸ்பத்திரியா என்று வீட்டில் நடந்த பட்டிமன்றத்தை விட்டுவிடுகிறேன். எங்களை உண்மையில் பயமுறுத்தியது வேறு. அதே வரிசையில் ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், எட்டாம் மாதம். தம்பியைப் பார்த்த டாக்டர், “இது ஹெபடைடிஸ் ‘இ’யாக இருந்தால் கர்ப்பிணிகள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா பாருங்கள்” என்றார். ஹெபடைடிஸ் என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய், ‘இ’ அதில் ஒரு வகை. கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது தொற்றினால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை உயிரிழக்கக்கூடுமாம். அன்று சாயங்காலமே அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, “காமாலை ஓட்டல் சாப்பாட்டுலயும் வரும்மா. தண்ணியாலதான் வந்ததுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?” என்று கேட்டார். எந்த டாக்டரும் அப்படி எழுதித் தரமாட்டார், தரவும் முடியாது. என்ன கிருமி என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்லலாம், எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாதே.

சரி, கையில் இருந்த ரத்தப் பரிசோதனை முடிவையாவது காட்டலாம் என்று நீட்டினேன். லேபில் ‘காமாலை டெஸ்ட்’ என்று கேட்டதற்குக் கல்லீரல் சோதனைகளோடு ஹெபடைடிஸ் ‘பி’க்கான சோதனையை மட்டும் எடுத்திருந்தார்கள். அதில் ‘நெகட்டிவ்’. எழுத்தர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். “நோயே இல்லைன்னுதானே போட்டிருக்கு?” காமாலையைக் காட்டும் பிலிரூபின் அளவு எகிறிக் கிடக்கிறது, கண் மஞ்சளாக ஆள் படுத்திருக்கிறான், நோய் இல்லையாம்! ‘பி’, ‘சி’ இரண்டும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வருபவை ‘ஏ’யும் ‘இ’யும். லேபுக்குப் போனால் இந்த இரண்டுக்குமான சோதனைகளை ஹெச்.ஏ.வி. ஐ.ஜி.எம்., ஹெச்.இ.வி. ஐ.ஜி.எம். என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விலை கூடுதல், சின்ன லேபில் வெளியூருக்கு அனுப்பித்தான் எடுப்பார்கள். தம்பிக்கும் மாமாவுக்கும் ‘இ’ பாசிட்டிவ் என்று வந்தது.

இதற்கிடையே உதவிப் பொறியாளர் ஒருமுறை நேரில் வந்தார். நல்ல உச்சி வெயிலில், தண்ணீர் விடும் நேரம் முடிந்து வெகுநேரம் கழித்து. எங்கள் தரைத்தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு, பேனா மாதிரி இருந்த டி.டி.எஸ். மீட்டரை அதில் விட்டார். “500க்குள்ள இருக்கு, அருமையான தண்ணி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டும்தான். காலராக் கிருமியோ டைபாய்டு கிருமியோ கோடிக்கணக்கில் நீந்தினாலும் அதில் ஒரு எண்ணும் அசையாது. வீடு வீடாக வந்து ஆர்.ஓ. மெஷின் விற்பவர்கள் காட்டும் வித்தையும் இதே மீட்டரை வைத்துத்தான்.

நகராட்சிக்காரர்களின் அடுத்த பதில், “இப்போ தண்ணி சுத்தமாத்தானே வருது?” இதற்கு என்ன சொல்வது என்று டாக்டரிடமே கேட்டேன். ஹெபடைடிஸ் ‘இ’ உடம்புக்குள் போய் வெளியே தெரிய 2 முதல் 10 வாரம் வரை ஆகும், இன்றைக்குக் கண் மஞ்சளானால் குடித்தது போன மாதத் தண்ணீராக இருக்கும் என்றார். 1955-56இல் டெல்லியில் நடந்ததையும் சொன்னார். யமுனை வெள்ளத்தில் நஜஃப்கர் வடிகாலின் கழிவு, வசீராபாத்தில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை, ஆனால் சுமார் 29 ஆயிரம் பேருக்குக் காமாலை வந்தது. அது ‘இ’ வைரஸ் என்பதே பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. எழுத்தரிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “டெல்லி வேற, நம்ம ஊர் வேற” என்றார்.

தண்ணீரை நாமே சோதித்துவிடலாம் என்று மாவட்டத் தலைநகரில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். “சுத்தமான பாட்டில் எதுலயாவது கொண்டு வாங்க” என்றார்கள். பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டுமாம். குளோரினை முறிக்க அதில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று முடிவு நல்லதாக வந்துவிடும். இதை போனில் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம். அடுத்த முறை பாட்டில், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே கிருமிச் சோதனைக்கு எடுப்பதில்லை, இதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

சோதனை முடிவில் இ.கோலை இருந்தது, தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா அது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அலுவலகத்துக்குப் போனால், “நீங்களா பிடிச்ச தண்ணியை எப்படிம்மா ஏத்துக்கிறது?” அவர்களாகப் பிடித்த மாதிரியோ மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் எடுத்தது. அங்கேதான் குளோரின் போடுகிறார்கள், அங்கே நன்றாகத்தானே இருக்கும்!

விஷயம் நகர்ந்தது இரண்டு இடங்களில். ஒன்று, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. ‘குடிநீரில் சாக்கடை’ என்று மொட்டையாக எழுதாமல், ‘எங்கள் தெருக்கோடிக் குழாயில், தண்ணீர் வரத் தொடங்கும் நேரத்தில், எங்கள் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும்’ என்று கேட்டிருந்தேன். இரண்டு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். நாங்கள் மூன்று வீட்டாரும் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்ததால் அவர்கள் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாவிட்டால் தெருவில் நோயே இல்லை என்றுதான் கணக்கு. மருந்தை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், பெயரை அங்கே கொண்டுபோய்ப் பதிந்துவிடுங்கள். ஒரே தெருவில் மூன்று பேர் என்று ஏறியதும் சுகாதார ஆய்வாளர் தானாகவே வந்தார்.

அவர் விவரமானவர். விடியற்காலை தண்ணீர் விடும்போதே வந்து, வால்வுக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரினைக் கண்டறியும் சொட்டு மருந்து விட்டார், மஞ்சள் நிறம் வந்தது, குளோரின் இருக்கிறது. எங்கள் வீட்டு முன்னால் பிடித்ததில் நிறமே மாறவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஒரே லைன், கொஞ்ச தூரம்தான், அதற்குள் குளோரின் அத்தனையும் காலி. “நடுவுல ஏதோ அழுக்கு உள்ள போகுது, அதோட சண்டை போட்டே தீர்ந்துடுது” என்றார். எங்கள் லேப் முடிவு செய்யாததை இந்தச் சொட்டு மருந்து ஐந்தே நிமிடத்தில் செய்துவிட்டது.

எங்கே என்று காட்டியது வால்வு திறக்கும் அண்ணன். “பாலத்துக்கடியில சாக்கடைக்குள்ளயே போவுதுக்கா அந்தப் பழைய ஜி.ஐ. பைப்பு. நான் சொன்னா யாரு கேக்குறாங்க?” தோண்டினார்கள். கட்டை விரல் நுழையும் ஓட்டை. தண்ணீர் வரும்போது அழுத்தத்தில் வெளியே கசியும், நின்றதும் வெற்றுக் குழாய் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். இடைப்பட்ட நேரத்தில் இழுத்ததெல்லாம் முதல் ஐந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும், தலைப்பில் சொன்ன ‘முதல் தண்ணி’ இதுதான். குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள் இன்னும் மோசம் செய்கின்றன. இதை நான் சொல்லப் போய் இரண்டு வீட்டில் என்னுடன் பேச்சே இல்லை. பரவாயில்லை.

குழாய் மாற்றிய பிறகு தரைத்தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட்டோம். பொட்டலத்தைத் திறந்து நாளானால் வீரியம் போய்விடும், புதிதாக வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் இறக்குகிறோம்.

குளோரின் அளவைக் குறித்து வைக்கும் பழைய பதிவேட்டின் நகல் கேட்டு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுவும் போட்டிருக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதையும் குறிப்பிட்டேன். பதில் வரவில்லை. ஆனால் மனு போன பிறகு வால்வு அறை ஆணியில் புது நோட்டு ஒன்று தொங்குகிறது.

எதிர்வரிசைக்கு இன்னும் அதே பழைய லைன்தான். என்னுடைய மனுவின் நகலை வாங்கிப் போயிருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளரின் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள் அவர்களுக்குத் தண்ணீர் முறை, ஐந்து மணிக்கே தெருவில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.