ஒரு ஆளுக்கு மட்டும்

மார்ச் 18, 2024

தோழி பெர்லினுக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 20

‘தங்கும் அறை ஒருவருக்கு மட்டும். குழந்தைகளுக்கு வசதி இல்லை.’ விண்ணப்பத்தின் அடியில் இருந்த இந்த வரி ராத்திரி தூங்க விடவில்லை. பெர்லினில் மூன்று மாதம் ஸ்டுடியோ, உதவித்தொகை, முடிவில் ஒரு கண்காட்சி. ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைக்கும் ரோமா இன ஓவியர்கள் தங்கி வரைவதற்கென்றே ஒரு ரெசிடென்சி. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவள் மகள் குட்டிக்கு ஆறு வயது. தோழியின் அம்மாவுக்கு இடது கை இன்னும் சரியாகவில்லை. பள்ளி வேலை வேறு இருக்கிறது. ரோமா பிள்ளைகளுக்கான கல்வி உதவியாளர் அவள். ஜூன் மூன்றாம் வாரம் வரை வகுப்புகள் உண்டு. நடுவில் விட்டுப் போனால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

கிடைத்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 23

அவளைப் பார்க்க, போலந்தின் கிராகோ நகரிலுள்ள நோவா ஹூட்டா பகுதிக்குப் போய்வந்தேன். அவள் வரையும் அவளுடைய பெரியம்மா படம் பாதி முடிந்திருக்கிறது. முகமும் கைகளும் அக்ரிலிக். உடம்புக்குப் பெரியம்மா உடுத்திய அதே பூப்போட்ட அங்கி. வெட்டாமல் முழுசாக வைத்து ஓரம் தைத்திருக்கிறாள். ஒரு பொத்தான் இல்லை; அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறாள். அங்கியின் பையில் பழைய டிராம் டிக்கெட் ஒன்று கிடந்ததாம். அதை எடுக்காமல் பையின் வாயைத் தைத்துவிட்டாள். விரலால் அழுத்தினால் உள்ளே காகிதம் நெருடுகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதே என்றேன். பெரியம்மாவுக்குத் தெரியும் என்றாள்.

என் சுங்குடிச் சேலை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். வாங்கித் தடவிப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “அவள் உடுத்தாத துணி இதில் வராது. உன்னை வரையும்போது கேட்கிறேன்.” சரி.

மார்ச் 26

துணியில் தைக்கிற இந்த வழி யாரைப் பார்த்து வந்தது என்பதை அவள் மறைப்பதில்லை. 2022இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் போலந்தின் அரங்கத்தை மவ்கொஷாட்டா மிர்கா-தாஸ் நிரப்பினார். ஒரு நாட்டின் அரங்கத்துக்கு ரோமா கலைஞர் ஒருவர் பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை. இத்தாலியில் ஃபெராரா ஊரின் ஸ்கிஃபனோயா அரண்மனையில் பன்னிரண்டு மாதங்களுக்கும் சுவரோவியம் தீட்டத் திட்டமிட்டிருந்தார்கள் இல்லையா, அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பெரிய துணிப்படங்கள். மேல் வரிசையில் ரோமா மக்களின் பயணம். 17ஆம் நூற்றாண்டில் ஜாக் காலோ செதுக்கிய படங்களில் அழுக்கும் திருட்டுமாகக் காட்டப்பட்ட அதே ஆட்கள், இங்கே வண்ண உடையில் தலைநிமிர்ந்து போகிறார்கள். கீழ் வரிசையில் அவருடைய ஊர் சார்னா குராவின் அன்றாடம். துணியெல்லாம் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் உடுத்தியது.

அதே சார்னா குராவில்தான் 2011 முதல் ‘யாவ் திக்’ நடக்கிறது. தத்ரா மலையடிவாரக் கிராமம். பல நாட்டு ரோமா கலைஞர்கள் வந்து தங்கி வரைகிற இடம். அங்கே சுற்றிலும் இருப்பது ரோமா வீடுகள், ரோமா பாட்டிகள், ரோமா பிள்ளைகள். ஒரு அறையில் அடைத்துவைத்து ‘இனி யோசி’ என்று சொல்லும் இடமல்ல. எனக்கு அந்த வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஏப்ரல் 1

ஈஸ்டர் திங்கள். தபால் கிடையாது. போலந்து வழக்கப்படி குட்டி என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.

ஏப்ரல் 8

இன்று எல்லோருக்கும் அவள் வேண்டும். ஒரு அலுவலகம் நடைக்கூடத்தில் இரண்டு படம் மாட்டித் தரச் சொன்னது. சாயங்காலம் கழற்றிக்கொள்ள வேண்டும். 1971இல் லண்டனுக்குப் பக்கத்தில் முதல் உலக ரோமா மாநாடு கூடிய நாள் இது. நீலம், பச்சை, நடுவில் சிவப்புச் சக்கரம் என்று கொடியை ஏற்றுக்கொண்ட மாநாடு. மறுபடி ஆகஸ்ட் 2 அன்று போன் வரும். 1944இல் அந்த ஒரே ராத்திரியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் மிச்சமிருந்த ரோமாக்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். இந்த இரண்டு நாளைத் தவிர மற்ற நாட்களில் ஒரு ஓவியர் எதை வைத்து வாடகை கொடுப்பார்?

படம் மாட்டப் போகவில்லை அவள். பிள்ளைகளோடு கொடி வரைந்தாளாம்.

ஏப்ரல் 11

ரெசிடென்சி அழைப்பை இன்னொரு தடவை படித்தேன். கருப்பொருள் ‘நாடோடி மனம்’. கோபம் கோபமாக வருகிறது. அவள் தாத்தா 1950களில் இரும்பாலையில் வேலை செய்ய மலையிலிருந்து இறங்கி நோவா ஹூட்டா வந்தவர். அவருக்கு முன்னாலும் பல தலைமுறை ஒரே மலைக்கிராமம். அவர்களை எப்படியாவது ஒரு வண்டியில் ஏற்றித்தான் பார்க்க வேண்டுமா?

ஏப்ரல் 14

ரோமா கலைஞர் செல்மா செல்மனைப் பற்றி வெகுநேரம் பேசினோம். பொஸ்னியாவில் பிஹாச் பக்கம் பழைய இரும்பு பொறுக்கி விற்கிற குடும்பம். அவர் கார் பானட்டில் ஓவியம் வரைகிறார். வீட்டாரோடு சேர்ந்து மெர்சிடிஸ் காரைப் பார்வையாளர் முன்னால் பிரித்துப் போடுகிறார். கணினி மதர்போர்டுகளிலிருந்து தங்கம் பிரித்தெடுத்து ஒரே ஒரு ஆணி செய்தார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமியில் தங்கியிருந்தவர். அங்கே இரண்டு வருடம் வரை இருக்கலாம். பட்டறை உண்டு, உதவித்தொகை உண்டு. காலம் கொடுத்தால் வேலை நடக்கும். அதோடு, குடும்பம் அவருக்கு இடைஞ்சலாகவா இருந்தது? வேலையே அதிலிருந்துதானே வந்தது.

“மூன்று மாதத்தில் எனக்குத் துணியே சேராது” என்றாள் அவள்.

ஏப்ரல் 16

ஆஸ்திரிய ரோமா ஓவியர் சேயா ஸ்டொய்க்காவை உதாரணம் காட்டி யாரோ அவளுக்கு அறிவுரை சொன்னார்களாம்: அவருக்கு எந்த ரெசிடென்சி இருந்தது, வீட்டில் உட்கார்ந்தே வரையவில்லையா என்று. உண்மைதான். சிறுமியாக மூன்று நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர். வியன்னா சந்தைகளில் கம்பளம் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐம்பது வயதுக்கு மேல் தூரிகை எடுத்தவர். ஆனால் இதை ஒரு பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வயதில் அவருக்கு ஒரு அறையும் கொஞ்சம் பணமும் கிடைத்திருந்தால் இன்னும் இருபது வருடப் படங்கள் இருந்திருக்கும். இல்லாமல் போன அந்தப் படங்களுக்கு யார் பொறுப்பு?

ஏப்ரல் 18

கிடைத்துவிட்டது. ஜூன் 3 தொடக்கம்.

ஏப்ரல் 19

சந்தோஷம்தான். நேற்று ராத்திரி அவளும் அம்மாவும் நானும் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பெர்லினில் எங்கெங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் டானி காரவான் வடிவமைத்த ரோமா, சிந்தி (ஜெர்மனியின் ரோமா பிரிவினர்) நினைவிடம் முதலில். அப்புறம் ரோமா கலைக்கான கை திக்காஸ் காட்சிக்கூடம். 2017இலிருந்து பெர்லினில் இயங்கும் ரோமா கலைப் பண்பாட்டு நிறுவனம், முடிந்தால் டீமியா யுங்ஹவுஸிடம் ஒரு வார்த்தை. 2007இல் வெனிஸில் முதல் ரோமா அரங்கத்தை அமைத்தவர் அவர். தாளின் கடைசியில் குட்டி ‘மிருகக்காட்சிசாலை’ என்று சேர்த்தாள்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எங்கள் மூன்று பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

ஏப்ரல் 22

குட்டியையும் கூட்டிவரலாமா என்று எழுதியாகிவிட்டது. பதில் இல்லை.

ஏப்ரல் 24

பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு இறுதிப் பட்டியலில் ரோமா கலைஞர் டிலேன் லெ பாஸ்! ஆபீஸில் இருந்தேன், கழிவறைக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். வியன்னாவின் செசெஷன் கலைக்கூடத்தில் வைத்த கண்காட்சிக்காக. சாவு, இழப்பு, மறுபடி தொடங்குவது, எல்லாம் வர்ணம் தீட்டித் தொங்கவிட்ட துணிகளில். “அவருக்கும் துணிதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பள்ளி மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 26

இல்லை.

ஏப்ரல் 30

பதில் வந்தது. விதியை மாற்ற முடியாதாம். பிள்ளை வார இறுதிகளில் வந்து பார்க்கலாமாம், செலவு நம்முடையது. கிராகோவிலிருந்து பெர்லினுக்கு ஆறு வயதுப் பிள்ளை வார இறுதியில் யாரோடு போகும்?

குட்டி என்னோடு இருக்கட்டும் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் வேண்டாம் என்றாள். விட்டுக்கொடுக்கப்போவதும் இல்லையாம், பேரம் பேசப்போகிறாளாம். பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டுக்கு மாற்றிக் கேட்பது. இரண்டு பேருக்கான அறை, இல்லாவிட்டால் வெளியே தங்க வாடகைப் பணம். மூன்றாவது மாதத்தை நோவா ஹூட்டாவிலேயே வேலை செய்து முடிப்பது, அதற்கும் உதவித்தொகை. இதில் எது அதிகப்படி? எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

மே 2

கடிதத்தின் முதல் பத்தி முடிந்தது. ‘தயவுசெய்து’ இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டாள். மீதியை நாளை எழுத வேண்டும். பெரியம்மா படத்தின் போட்டோவை இணைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் அம்மா வேண்டாம் என்கிறார், நான் வேண்டும் என்கிறேன். பள்ளி முடிந்து நேரே இங்கே வருகிறாள்.